ஆய்வுத் திட்டம் முடிந்த பிறகு: திறந்த அறிவியல் முடிவுகளை நீண்டகாலம் பயனில் வைத்திருப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் யார்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிதிநல்கை பெற்று ஆய்வுத் திட்டம் நடத்தும் கல்லூரி ஆசிரியர்கள், அவர்களிடம் பணிபுரியும் திட்ட உதவியாளர்கள், முனைவர் பட்ட மாணவர்கள், ஓரிரு ஊராட்சித் தலைவர்கள். தருமபுரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தபடி இவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறேன். ஒரே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து திரும்பத் திரும்ப வருவதால், எழுதி வைத்துவிட்டால் கேட்பவருக்கும் எனக்கும் நேரம் மிஞ்சும் என்று தோன்றியது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இவ்விரு மாவட்டங்களைச் சேர்ந்தவை.

திறந்த அறிவியல் என்பது கட்டுரையை இலவசமாகப் படிக்கத் தருவதுதானே?

அது அதில் ஒரு பகுதி. 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகளைக் கட்டணமின்றிப் படிக்கவும் பகிரவும் வழி வேண்டும் என்று கேட்டது. 2021 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாடு ஏற்றுக்கொண்ட திறந்த அறிவியல் பரிந்துரை அதைவிட அகலமானது. கட்டுரை, தரவு, மென்பொருள், பாடப்பொருள், கருவிகளின் வடிவமைப்பு ஆகிய அனைத்தையும் திறந்து வைக்கச் சொல்வதோடு, அறிவியலாளர் அல்லாதவர்களை ஆய்வில் பங்கேற்கச் செய்வதையும், உள்ளூர் அறிவு மரபுகளோடு உரையாடுவதையும் அது திறந்த அறிவியலுக்குள் சேர்க்கிறது. இங்கே பேசப்படுவது இந்த அகலமான பொருளில்தான்.

‘தாக்கம் நீடிப்பது’ என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? கட்டுரை வெளிவந்துவிட்டால் போதாதா?

நம் ஊர்த் தண்ணீரைக் கொண்டே சொல்கிறேன். இவ்விரு மாவட்டங்களும் கடினப் பாறை நிலம். அப்பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. பாறைப் பிளவுகளில் நீர் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்கு அளவு கூடும். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அந்த வரம்பைத் தாண்டினால் பல்லும் எலும்பும் பாதிக்கப்படும். அப்படித் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் இங்கே பல ஊர்களில் இருந்ததால்தான், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-இல் காவிரி நீர் குழாய்களில் வரத் தொடங்கியது.

அந்த நீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் பற்கள் அவர்களுடைய அண்ணன், அக்காளின் பற்களைவிட நன்றாக இருக்கின்றனவா என்று இன்று ஒருவர் ஆராய விரும்பினால் அவருக்கு என்ன வேண்டும்? 2013-க்கு முன் எந்த ஊரில், எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில் எவ்வளவு புளோரைடு இருந்தது என்ற கணக்கு வேண்டும். அது போனால் போனதுதான். 2006-ஆம் ஆண்டின் தண்ணீரை இன்று மொண்டு சோதிக்க முடியாது. அந்த ஆண்டில் யாரோ ஒரு மாணவர் பென்னாகரம் பக்கம் பேருந்தில் அலைந்து, குப்பி குப்பியாக நீர் சேகரித்து எடுத்த அளவீடுகள் கட்டுரையில் ‘சராசரி, குறைந்தபட்சம், அதிகபட்சம்’ என்று மூன்று எண்களாகச் சுருங்கியிருக்கும். மீதி எங்கே என்பதுதான் கேள்வி. முடிவு அச்சேறுவது ஒரு நிலை. அதைத் தொட்டு இன்னொருவர் அடுத்த கேள்வியைக் கேட்க முடிவதையே நான் நீடிப்பு என்று கொள்கிறேன்.

திட்டம் முடிந்ததும் தரவுகள் காணாமல் போவது உண்மையிலேயே அவ்வளவு பெரிய சிக்கலா?

ஆம். 2014-இல் ‘கரன்ட் பயாலஜி’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், 1991 முதல் 2011 வரை வந்த 516 கட்டுரைகளின் ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து மூலத் தரவைக் கேட்டுப் பார்த்தார்கள். கட்டுரைக்கு வயது ஓராண்டு கூடக் கூட, தரவு இன்னும் இருப்பதற்கான சாத்தியக்கூறு ஆண்டுக்கு 17 விழுக்காடு வீதம் சரிந்துகொண்டே போனது. ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி இயங்கும் சாத்தியக்கூறே ஆண்டுக்கு 7 விழுக்காடு குறைந்தது. பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. பழைய கணினியிலும் படிக்க முடியாத வட்டுகளிலும் கிடந்து போயின.

இங்கே நடப்பதும் அதுதான். மூன்றாண்டுத் திட்டத்தில் தரவைக் கையில் வைத்திருப்பவர் முதன்மை ஆய்வாளர் அல்ல, திட்ட உதவியாளர். கடைசித் தவணை வருவதற்குள் அவர் பெங்களூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போய்விடுவார். முதன்மை ஆய்வாளர் பயன்பாட்டுச் சான்றிதழையும் இறுதி அறிக்கையையும் அனுப்புவதில் மூழ்கியிருப்பார். மடிக்கணினி துறையின் இருப்புப் பதிவேட்டில் இருக்கும். அதற்குள் இருந்தவை எந்தப் பதிவேட்டிலும் இரா.

எனக்கு ஒருமுறை ஒரு பெட்டி நிறையக் குறுந்தகடுகள் வந்தன. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். ஒன்றியம் வாரியாகக் கிணற்று நீர்ச் சோதனை என்று உறைமேல் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. பாதித் தகடுகளைக் கணினி படிக்கவே இல்லை. படித்தவற்றில் ஊர்ப்பெயர்கள் எல்லாம் ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு, திரையில் புரியாத குறிகளாக நின்றன. எண்கள் துல்லியமாக இருந்தன. எந்த ஊரின் எண்கள் என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் திட்டத்துக்கென்று இணையதளம் வைத்திருக்கிறோம். அதில் எல்லாம் இருக்கிறதே?

இணையதளம் கடை வாசல் போன்றது, கிடங்கு ஆகாது. தளப்பெயரை ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதைத் திட்ட நிதி முடிந்த பிறகு யாரும் செய்வதில்லை. காலாவதியான பெயரை வேறொருவர் வாங்கி, உங்கள் ஆய்வறிக்கை இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் வைப்பதும் உண்டு. தளத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு கோப்பும் ஒரு நிரந்தரக் களஞ்சியத்திலும் இருக்கட்டும். திட்டம் முடியும் வாரத்தில் முக்கியப் பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவின் ‘வேபேக் மெஷின்’ சேமிப்பில் பதிந்துவிடுங்கள். அதற்குச் செலவும் இல்லை, பத்து நிமிட வேலைதான்.

அப்படியானால் எங்கே வைப்பது?

முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் சோத்கங்கா. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் இந்தக் களஞ்சியத்தில் ஆய்வேட்டின் மின்படியைச் சேர்ப்பதைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே செய்து வருகின்றன. ஆனால் ஆய்வேடு அங்கே போனதால் தரவும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். பின்னிணைப்பில் படமாக ஒட்டிய அட்டவணையிலிருந்து எண்களை மீட்பது எவ்வளவு வேதனை என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தரவுக்கும் அறிக்கைக்கும் மென்பொருளுக்கும் பொதுவாக நான் பரிந்துரைப்பது செனோடோ. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் 2013 முதல் நடத்தி வருவது. எந்த நாட்டவரும், எந்தத் துறையினரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் தருகிறது. நம் திட்டங்களில் பெரும்பாலானவை 50 எம்பியைக்கூடத் தாண்டுவதில்லை.

நிதி நல்கியவரின் விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் வெளியிட்ட திறந்த அணுக்கக் கொள்கைப்படி, அவற்றின் நிதியில் விளைந்த கட்டுரைகளின் இறுதி ஏற்புப் படியை, அதாவது இதழ் ஏற்றுக்கொண்ட கடைசி வடிவத்தை, களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். இப்படி ஒரு கொள்கை இருப்பதே தெரியாமல் திட்டத்தை முடித்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

களஞ்சியத்தைத் தேர்வதில் ஓர் எச்சரிக்கை. ‘இலவசம்’ என்பதைப் பார்த்தால் மட்டும் போதாது. யார் பணத்தில் இலவசம் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் திறந்த அறிவியல் மையம், இதழில் வருமுன் கட்டுரைகளை வெளியிடும் பல நாட்டு முன்பதிப்புத் தளங்களுக்கு இடம் கொடுத்து வந்தது. 2020-இல் அவற்றிடம் கட்டணம் கேட்கத் தொடங்கியபோது, இந்தோனேசியாவின் தளம் மூடும் நிலைக்கு வந்தது. 2019-இல் தொடங்கப்பட்ட நம்முடைய இந்தியாஆர்க்சிவும் அதே நெருக்கடியைச் சந்தித்தது. பணியில் குறையில்லை, செலவை ஏற்பவர் யார் என்று முதலிலேயே முடிவாகவில்லை.

டி.ஓ.ஐ. எண் எதற்கு? இணைப்பைக் கொடுத்தால் ஆகாதா?

இணைப்பு என்பது கோப்பு இருக்கும் இடத்தின் முகவரி; வீடு மாறினால் கடிதம் திரும்பி வரும். டி.ஓ.ஐ. என்பது கோப்பின் பெயர். கோப்பு வேறு கணினிக்கு மாறினாலும், களஞ்சியத்தார் புதிய முகவரியைப் பதிந்துவிட்டால் பழைய எண்ணே அங்கே கொண்டு சேர்க்கும். தரவைத் திருத்தினால் செனோடோவில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண்ணும், எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான ஓர் எண்ணும் கிடைக்கும். கட்டுரையில் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்களோ அதன் எண்ணைக் குறிப்பிடுங்கள். ஆய்வாளருக்கு இதே வேலையைச் செய்வது ஆர்கிட் எண். எஸ். குமார் என்ற பெயரில் எத்தனை பேர் கட்டுரை எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அதன் தேவை விளங்கும்.

எந்த வடிவில் கோப்பைச் சேமிப்பது? எக்செல் போதுமா?

எக்செல் கோப்பையும் வையுங்கள். கூடவே அதே அட்டவணையைச் சி.எஸ்.வி. வடிவிலும், தமிழ் எழுத்துகளை யூனிகோடிலும் வையுங்கள். சி.எஸ்.வி. என்பது எண்களையும் எழுத்துகளையும் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் உரைக்கோப்பு. எந்த நிறுவனம் மூடப்பட்டாலும், எந்த மென்பொருள் விற்பனையிலிருந்து போனாலும் அதைத் திறக்க முடியும். வண்ணம் பூசிய கட்டங்களும் ஒன்றாக இணைத்த தலைப்புகளும் அதில் வாரா. ஆகவே ‘மஞ்சள் நிறம் என்றால் வற்றிய கிணறு’ என்பது போன்ற செய்திகளைத் தனி நெடுவரிசையாக எழுதிவிட வேண்டும்.

யூனிகோடு பற்றித் தமிழர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை, பட்டவர்கள் நாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்கித் திறந்து வைத்தது. அப்போது யூனிகோடு தமிழ் வழக்கில் பரவவில்லை என்பதால் இணைமதி, பிறகு திஸ்கி ஆகிய குறியீடுகளில் கோப்புகள் இருந்தன. பின்னர் அவை யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. யாரோ உட்கார்ந்து மாற்றியதால்தான் இன்று அந்த நூல்களைக் கைப்பேசியில் படிக்கிறோம். அதே காலத்தில் தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டு, மாற்ற ஆளில்லாமல் விடப்பட்ட எத்தனையோ கோப்புகளுக்கு நான் மேலே சொன்ன குறுந்தகடுகளின் கதிதான்.

இதையொட்டி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தருமபுரிப் பக்கத்து வயல்களில் ஆயிரத்து முன்னூறு, ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமையான நடுகற்கள் நிற்கின்றன. மின்சாரமோ மென்பொருளோ இல்லாமல் அவை நம் காலம் வரை வந்துவிட்டன. ஆயினும் வட்டெழுத்தில் இருக்கும் அந்த வரிகளை, அந்தக் கல்லுக்கு ஆண்டுதோறும் பொங்கல் வைப்பவராலும் வாசிக்க முடியாது. கல்வெட்டறிஞர்கள் வந்து படித்து அச்சிட்ட பிறகே ஆநிரை மீட்கப் போய் மாண்டவர் இன்னார் என்று தெரிந்தது. பொருள் அழியாமலிருப்பது வேறு, அதை வாசிக்கும் திறவுகோல் அழியாமலிருப்பது வேறு. தரவுக் களஞ்சியத்தில் இரண்டாவதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

அந்தத் திறவுகோல் என்பது எது? விளக்கக் குறிப்பில் என்னவெல்லாம் எழுத வேண்டும்?

அதை மீத்தரவு என்கிறார்கள். தரவைப் பற்றிய தரவு. 2016-இல் வெளியிடப்பட்ட ‘ஃபேர்’ நெறிகள், தரவு கண்டறியத்தக்கதாக, அணுகத்தக்கதாக, பிற தரவுகளோடு இணைந்து இயங்கத்தக்கதாக, மறுபயன்பாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்கின்றன. நான்குக்கும் அடிப்படை இந்த விளக்கக் குறிப்புதான்.

இவ்விரு மாவட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: ‘தருமபுரி மாவட்டம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய மழையளவு, விளைச்சல், நோய்க் கணக்கு எல்லாம் ஓசூரையும் தேன்கனிக்கோட்டையையும் சேர்த்த பழைய தருமபுரியுடையவை. 1965-க்கு முன்னால் போனால் அதுவும் சேலம் மாவட்டமாகிவிடும். இதைக் குறிக்காத இரண்டு அட்டவணைகளை ஒட்டி வரைபடம் போட்டு, 2004-இல் கேழ்வரகுப் பரப்பு திடீரெனச் சரிந்துவிட்டது என்று கண்டுபிடித்தவரை எனக்குத் தெரியும். சரிந்தது மாவட்டத்தின் பரப்பு.

அடுத்தது ஊர்ப்பெயர். மாரண்டஹள்ளி, மாரண்டஅள்ளி, மாரண்டள்ளி என மூன்று வகையில் எழுதுகிறோம். அரசுத் தாள்களிலேயே ஒன்றுபோல் இருப்பதில்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதியில் இது இயல்பு. ஆங்கில எழுத்தில் போனால் இன்னும் குழப்பம். ஆகவே பெயரோடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமக் குறியீட்டு எண்ணையும், அக்கணக்கெடுப்பின் ஆண்டையும், கைப்பேசி காட்டும் அகலாங்கு நெட்டாங்கையும் சேர்த்து எழுத வேண்டும்.

அளவிட்ட முறையும் முக்கியம். புளோரைடை மின்முனையால் அளந்தீர்களா, சாயம் சேர்த்து நிறம் பார்த்து அளந்தீர்களா? கிணற்றின் ஆழம் என்ன? ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த நீரா, சித்திரை வெயிலில் எடுத்ததா? இவை இல்லாத எண்ணை இன்னொருவர் நம்பிப் பயன்படுத்த முடியாது.

பதப்படுத்தாத மூல எண்ணையும் கட்டாயம் வையுங்கள். இதற்குத் தொல்லியல் நல்ல சான்று. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை செல்வதாக 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு நாலாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது என்ற பேச்சு அதனால் எழுந்தது. கரிமக் காலக்கணிப்பில் ஆய்வுக்கூடம் அளப்பது கதிரியக்கக் கரிம வயதை. அதை நாட்காட்டி ஆண்டாக மாற்றுவதற்கு அளவுத்திருத்த வளைகோடு வேண்டும். அந்த வளைகோடு அவ்வப்போது திருத்தப்படுகிறது. வட அரைக்கோளத்துக்கானது 2013-இலும் பிறகு 2020-இலும் புதுப்பிக்கப்பட்டது. ஆய்வுக்கூட எண், மூல வயது, பிழை எல்லை, மாதிரி கிடைத்த ஆழம் ஆகியவை பதிவில் இருந்தால் எத்தனை முறை வளைகோடு மாறினாலும் காலத்தைத் திரும்பக் கணக்கிடலாம். நாட்காட்டி ஆண்டை மட்டும் எழுதி வைத்தால், நாளைக்கு அந்த ஆண்டு வெறும் செய்தியாக நிற்கும்.

எந்த உரிமத்தில் வெளியிடுவது?

உரிமம் குறிப்பிடாத கோப்பு, திறந்த கதவுக்குள் ‘உள்ளே வராதே’ என்று எழுதியதற்குச் சமம். படிக்கலாம், பயன்படுத்தலாமா என்பது யாருக்கும் தெரியாது. கட்டுரைக்கும் அறிக்கைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ‘பெயர் குறிப்பிடுதல்’ மட்டும் கோரும் உரிமம் போதும். எண் அட்டவணைகளுக்கு எல்லா உரிமையையும் துறக்கும் ‘சுழியம்’ அறிவிப்பும் பொருந்தும். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போடவே பலருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அந்த நிபந்தனை போச்சம்பள்ளியில் மாங்கூழ் ஆலை நடத்துபவரையும், கேழ்வரகு மாவு விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தையும்கூடத் தடுத்துவிடும். அவர்கள் பயன்படுத்துவதுதானே தாக்கம்?

எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடலாமா?

கூடாது. ‘இயன்றவரை திறந்து, தேவையான அளவு மூடி’ என்பதே இத்துறையில் ஏற்கப்பட்ட நெறி.

ஓசூர் வனக் கோட்டத்தில் வேலை செய்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு ஆகிய வனவிலங்குச் சரணாலயங்களில் எடுத்த தானியங்கிக் கேமராப் பதிவுகளை இடக்குறியோடு வெளியிட்டால், அதை முதலில் படிப்பவர் வேட்டைக்காரராக இருக்கலாம். எந்த விலங்கு, எந்தப் பருவம், தோராயமாக எந்தக் கட்டம் என்ற அளவில் வெளியிட்டு, துல்லியமான இடத்தைக் களஞ்சியத்தின் மூடிய பகுதியில் வைக்கலாம். ஈமச்சின்னங்கள் இருக்கும் குன்றுகளுக்கும் இது பொருந்தும். புதையல் தேடிக் கல்வட்டத்தைப் புரட்டிப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எலும்புப் புளோரைடு நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களின் பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. நாற்பது வீடு உள்ள குக்கிராமத்தில் ‘பெண், வயது 63, நடக்க இயலாதவர்’ என்று எழுதினாலே ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். வயதைப் பத்தாண்டுத் தொகுதிகளாகவும், ஊரை ஒன்றியமாகவும் மாற்றி வெளியிட வேண்டும். ஒப்புதல் படிவத்திலேயே தரவு பகிரப்படும் என்பதைத் தமிழில், வாசித்துக் காட்டி, கையொப்பம் பெற்றிருக்க வேண்டும்.

நாட்டுக் கேழ்வரகு, சாமை வகைகளைப் பற்றிய ஆய்வில் சிக்கல் வேறு. விதையைக் காத்தவர் ஒருவர், அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் இன்னொருவர், பயனடைபவர் மூன்றாமவர் என்று ஆகிவிடக் கூடாது. உயிரினப் பன்மைச் சட்டம், 2002 ஊராட்சிதோறும் பன்மை மேலாண்மைக் குழுவும், உள்ளூர் உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் பதியும் மக்கள் பதிவேடும் இருக்க வேண்டும் என்கிறது. பயிர் வகைகள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001 உழவர் வகைகளைப் பதிவு செய்ய இடமளிக்கிறது. தரவை வெளியிடும் முன் இந்த இரண்டு கதவுகளையும் தட்டிவிடுங்கள்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்ட பிறகு இதெல்லாம் தேவையா?

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அத்திட்டம், மூன்றாண்டுக்கு ரூ.6,000 கோடியில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குப் படிக்கத் தருகிறது. நம் பகுதி அரசுக் கல்லூரி மாணவருக்கு அது பெரிய வரம். ஆனால் அது நாம் படிப்பதற்கான வழி. நாம் எழுதியதைப் பாப்பாரப்பட்டி உழவரோ, கென்யாவில் இதே புளோரைடு சிக்கலை ஆராய்பவரோ படிப்பதற்கான வழி அதில் இல்லை.

முடிவுகளை ஊர் மக்களிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது?

தமிழில் இரண்டு பக்கம் எழுதுங்கள். அதைக் களஞ்சியத்திலும் தனிப் பதிவாக ஏற்றுங்கள், அதற்கும் டி.ஓ.ஐ. கிடைக்கும். பிறகு கிராம சபைக்குப் போங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நீர் பற்றிய ஆய்வைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. சொல்லும்போது கிணறு கிணறாகச் சொல்ல வேண்டும்: பள்ளிக்கூடத்து அடிபம்பு குடிக்க ஆகாது, மாரியம்மன் கோயில் கிணறு பரவாயில்லை என்று. ‘ஆய்வுப் பகுதியில் 38 விழுக்காடு மாதிரிகள்’ என்று சொன்னால் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

வேளாண் ஆய்வென்றால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தாரையும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தாரையும் திட்டத்தின் தொடக்கத்திலேயே அழைத்துக்கொள்ளுங்கள். பையூரின் பெயரைத் தாங்கிய கேழ்வரகு, கொள்ளு வகைகள் இங்குள்ள மானாவாரி நிலங்களில் ஊன்றியதற்குக் காரணம், வெளியிட்டதோடு நில்லாமல் ஆண்டுதோறும் விதை கொடுக்க ஒரு நிலையம் அங்கேயே இருந்ததுதான். மூன்றாண்டுத் திட்டம் அப்படி நிற்க முடியாது; நிற்பவரிடம் ஒப்படைக்க முடியும்.

மென்பொருளும் கருவி வடிவமைப்பும் என்ன ஆகும்?

மூல நிரலைப் பொதுக் களத்தில் வைத்திருந்தால், 2016-இல் பிரான்சின் கணினியியல் ஆய்வு நிறுவனமான இன்ரியா தொடங்கிய ‘சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ்’ காப்பகத்தில் சேமிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்தப் பதிப்பு நிரலால் எந்த அட்டவணை கணக்கிடப்பட்டது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மலிவுவிலை உணரிகளைச் செய்தவர்கள் மின்சுற்று வரைபடத்தோடு, பாகம் கிடைக்காவிட்டால் மாற்றாக எதைப் போடலாம் என்பதையும் எழுதினால் நல்லது. பழுதாகும் முதல் பாகம் பெரும்பாலும் மின்கலமாகவே இருக்கும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே?

களஞ்சியச் செலவு பெரும்பாலும் இல்லை. செலவு மனித நேரம்தான். திட்ட முன்மொழிவிலேயே, கடைசி ஆறு மாதத்தில் தரவைச் சீர்செய்து ஒப்படைப்பதற்கென்று திட்ட உதவியாளரின் இரண்டு மாத ஊதியத்தை ஒதுக்கிக் கேளுங்கள். கேட்டால் பல நிதி அமைப்புகள் மறுப்பதில்லை, கேட்பவர்தான் குறைவு.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது பொறுப்பு. ஏரியை வெட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். ஆண்டுதோறும் தூர்வாரியவர்களின் குடிமராமத்தால்தான் அதில் தண்ணீர் நின்றது. அதுபோல, திட்டம் முடிந்த பிறகு இந்தத் தரவைப் பற்றிக் கடிதம் வந்தால் பதில் சொல்பவர் யார் என்று ஒரு பதவியைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். ஆளின் பெயரை எழுதினால் அவர் ஓய்வு பெற்றதோடு முடிந்துவிடும். துறைத் தலைவர், நூலகர் என்று பதவியை எழுதி, துறைக்கென உள்ள பொது மின்னஞ்சலைக் கொடுத்து, பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிக்கொத்தோடு இதையும் சேர்த்தால், அடுத்து வருபவர் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வார். இதை முதலாண்டிலேயே செய்யுங்கள். மூன்றாமாண்டில் யாருக்கும் நேரம் இராது.

தாக்கத்தை எப்படி அளப்பது?

பதிவிறக்க எண்ணிக்கையும் மேற்கோள் எண்ணிக்கையும் அறிக்கையில் போடுவதற்கு உதவும். அவற்றை நான் பெரிதாக நம்புவதில்லை. உங்கள் தரவை வைத்து நீங்கள் கேட்காத கேள்வியை யாராவது கேட்டார்களா, ஊராட்சி ஏதாவது ஒரு கிணற்றை மூடியதா, பக்கத்துக் கல்லூரி மாணவர் அதே இடங்களில் மீண்டும் அளந்தாரா என்று ஆண்டுக்கொருமுறை குறித்து வையுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் அதையும் தேதியோடு குறியுங்கள்.

எங்கள் திட்டம் முடிந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், நான் பார்த்த வேலைகளில் பாதி இப்படிப்பட்டதுதான். முதலில் அந்தத் திட்ட உதவியாளரைத் தொலைபேசியில் பிடியுங்கள், அவருடைய பழைய மின்னஞ்சலின் இணைப்புகளில் மூல அட்டவணை பெரும்பாலும் இருக்கும். களக் குறிப்பேடுகளைக் கைப்பேசியால் படமெடுத்து வரிசை எண் கொடுங்கள். பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஊர்ப்பெயர்களை அந்தப் பகுதிக்காரர் ஒருவரை வைத்துச் சரிபாருங்கள், ‘ஹ’வும் ‘அ’வும் இடம் மாறியிருக்கும். எதெல்லாம் கிடைக்கவில்லை என்பதையும் விளக்கக் குறிப்பில் மறைக்காமல் எழுதிக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். அரைகுறைத் தரவு என்று வெட்கப்பட வேண்டியதில்லை. குறுந்தகடுகள் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வேறு வாசிப்பானில் போட்டுப் பார்த்தால் சில திறக்கும். நான் சொன்ன அந்தப் பெட்டியில் கடைசியாக நான்கு தகடுகள் அப்படித்தான் திறந்தன.